தரிசுன்னு எழுதிவச்ச இடத்துலதான் கள்ளிமுளையான் இருக்கு

இந்தப் பக்கத்துல நான் வழக்கமா வெத்திலைக் கொடிக்காலையும் வாழையையும் பத்தித்தான் எழுதுவேன். ஆத்தூர்க்காரன் வேற எதை எழுதுவான்? தாமிரபரணி கடல்ல போய்ச் சேருறதுக்கு முன்னாடி கடைசியா தண்ணி காட்டுற ஊர்கள்ல எங்க ஊரும் ஒண்ணு. 2023-ல் ஆத்தூர் வெத்திலைக்குப் புவிசார் குறியீடு கிடைச்சதைப் பத்தி எழுதினப்போ நிறையப் பேர் வாழ்த்துச் சொன்னீங்க. இன்னைக்கு அதுக்கு நேர் எதிரான ஒண்ணைப் பத்தி எழுதப் போறேன். ஆத்துத் தண்ணி எட்டாத, ஒண்ணும் விளையாதுன்னு எல்லாரும் கைகழுவின நிலத்துல தானா முளைக்கிற ஒரு சின்னச் செடி. பேரு கள்ளிமுளையான்.

சொல்ல வந்ததை முதல்லயே சொல்லிடறேன். காட்டுல இருந்து பிடுங்கின கள்ளிமுளையானைக் காசு கொடுத்து வாங்காதீங்க. தூளாவும் வேண்டாம், தொட்டிச் செடியாவும் வேண்டாம். அதோட, அது இருக்கிற நிலத்துக்கு நல்லது செய்யறேன்னு கிளம்பி வராதீங்க.

கோபமா எழுதறேன்னு நினைக்காதீங்க. கொஞ்ச நாளுக்குள்ள மூணு பேர் மூணு விதமா கேட்டதுதான் இதை எழுத வச்சது. ஒரு தம்பி சென்னையில உடற்பயிற்சிக் கூடம் வச்சிருக்கார். "அண்ணாச்சி, உங்க பக்கத்துல கள்ளிமுளையான் கிடைக்குமாமே, காயவச்சு பத்து கிலோ அனுப்ப முடியுமா"ன்னு கேட்டார். இன்னொரு அம்மா பெங்களூர்ல மாடி வீட்டுல சின்னச் சின்னக் கள்ளிச் செடியா சேர்க்கிறவங்க. வேரோட ரெண்டு தூரு வேணும்னாங்க. மூணாவதா வந்தவங்க ஒரு இளைஞர் கூட்டம். "சும்மா கிடக்கிற தரிசு இருந்தா சொல்லுங்க, முள்ளை எடுத்துட்டு ஆயிரம் மரம் நட்டுத் தர்றோம்"னாங்க. மூணு பேருமே நல்லவங்கதான். எனக்கு மனசு சங்கடமானதே அதனாலதான். கெட்டவன் வந்து அழிச்சா விரட்டி விடலாம். நல்ல மனசோட வர்றவங்களை என்ன சொல்லி அனுப்ப?

பார்க்காதவங்களுக்காகச் செடியைச் சொல்றேன். ஒரு ஜாண் உயரம், ரொம்பப் போனா ஒரு முழம். இலைன்னு பெரிசா ஒண்ணும் கிடையாது. வந்தாலும் கண்ணுக்குத் தெரியாத அளவுல வந்து உதிர்ந்துடும். எல்லாம் தண்டுதான். விரல் கனம், நாலு பட்டை, நுனி போகப்போகக் கூம்பிப் போகும். நிறம் பச்சைன்னும் சொல்ல முடியாது, சாம்பல்னும் சொல்ல முடியாது. வெயில் கூடினா கொஞ்சம் ஊதா ஏறும். வெட்டவெளியில அதிகமா பார்க்க முடியாது. உடைமரத்தடியில, சூரை முள்ளுக்குள்ள, கிளுவை வேலி ஓரத்துல, விடத்தலைப் புதர் நிழல்ல ஒளிஞ்சுக்கிட்டு இருக்கும். ஆட்டு வாய் எட்டாத இடம்தான் அதுக்கு வீடு. தெரியாதவன் அதை மிதிச்சுட்டுத்தான் போவான்.

பேருல கள்ளின்னு இருக்கிறதால சதுரக்கள்ளி, திருகுகள்ளி மாதிரிப் பால் வடியும்னு நினைச்சுக்காதீங்க. அந்தக் கள்ளிப்பால் கண்ணுல பட்டா கண்ணு போயிடும், அது வேற குடும்பம். கள்ளிமுளையானை ஒடிச்சா தெளிஞ்ச தண்ணிதான் வரும். இது நம்ம எருக்கோட உறவுக்காரன். காயைப் பார்த்தா நம்புவீங்க. மாட்டுக் கொம்பு மாதிரி ரெண்டு ரெண்டா மேல்நோக்கி நிக்கும், முத்தி வெடிச்சா எருக்கு விதை மாதிரியே பஞ்சு கட்டிப் பறக்கும். அந்தப் பஞ்சு காத்துல போய் ஏதாவது ஒரு முள்புதர்ல மாட்டினாத்தான் அடுத்த தலைமுறை. முள்ளு இல்லாத சுத்தமான தரையில விழுந்தா வெயில்ல பொசுங்கிடும். இதை நல்லா மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

பூவு தண்டு நுனியில வரும். மழை பெய்ஞ்சு ஓய்ஞ்ச பிறகு பார்க்கலாம். சின்னதா, கருஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்து, ஓரத்துல மயிர் மாதிரி இழை தொங்கும். வாசம் பிடிக்கலாம்னு மூக்கைக் கிட்டக் கொண்டு போயிடாதீங்க. இந்த வகைச் செடிகளுக்கு மகரந்தம் சேர்க்கிறது ஈ. ஈக்குப் பிடிச்ச வாசம் நமக்குப் பிடிக்குமா?

தண்ணியை அது சேமிக்கிற விதத்தைக் கேட்டப்போ நான் அசந்து போனேன். கல்லூரியில தாவரவியல் சொல்லிக்கொடுக்கிற எங்க மருமகன்தான் விளக்கினார். சாதாரணச் செடி பகல்ல மூச்சுத் துளையைத் திறந்து காத்தை உள்ள வாங்கும், அப்பவே உள்ள இருக்கிற ஈரமும் ஆவியாப் போகும். என் வாழைக்கு அதைப் பத்திக் கவலை இல்லை, நான் தண்ணி பாய்ச்சுறேன். கள்ளிமுளையானுக்கு யார் பாய்ச்சுவா? அதனால அது பகல் முழுக்க வாயை மூடிக்கிட்டு இருக்கும். ராத்திரி குளிர்ச்சியானதும் திறந்து காத்தை வாங்கிப் புளிப்பாக்கித் தண்டுக்குள்ள வச்சுக்கும், விடிஞ்சதும் மூடிட்டு வெயிலை வச்சுச் சமைச்சுக்கும். விடியக்காலையில ஒடிச்சுத் தின்னா புளிப்பு கூடவும், சாயங்காலம் தின்னா குறைவாவும் இருக்கும்னு ஆடு மேய்க்கிற பெரியவங்க சொல்வாங்க. காரணம் தெரியாமலே நாக்கால கண்டுபிடிச்சு வச்சிருக்காங்க.

பேரைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். உலகம் முழுக்க இந்தச் செடிக்கு அறிவியல்ல கரலூமா அட்சென்டென்ஸ்னு பேர். கேட்டா ஏதோ லத்தீன் மாதிரி இருக்குல்ல? கரலூமாங்கிறது தெலுங்கு. கிழக்கிந்தியக் கம்பெனியில மருத்துவரா இருந்த வில்லியம் ராக்ஸ்பர்க் கோதாவரிப் பக்கம் சாமல்கோட்டையில இருந்து செடிகளைச் சேகரிச்சார். 1795-ல் வெளிவந்த சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பத்தின புத்தகத்துல இந்தச் செடியைப் படத்தோட போட்டு, ஊர் மக்கள் "கார் அல்லம்"னு சொல்றாங்கன்னும் எழுதி வச்சார். பின்னாடி ராபர்ட் பிரவுன்ங்கிறவர் அதையே இனத்துக்குப் பேரா வச்சுட்டார். இன்னைக்கு ஆப்பிரிக்காவுலயும் அரேபியாவுலயும் பாலைவனத்துல இருக்கிற இதோட சொந்தக்காரச் செடிகள்ல பலதுக்கும் நம்ம ஆந்திரக்கார விவசாயி சொன்ன பேர்தான். பேரைக் கொடுத்தவன் பேர் எங்கயும் இல்லை, அது வழக்கமான கதைதான்.

எங்க வீட்டுல இதை முதல்ல காட்டினது எங்க ஆச்சி. அப்பாவோட அம்மா. தேரி ஓரத்துல எங்களுக்குக் கொஞ்சம் புஞ்சை உண்டு. ஆத்தூர்ல இருந்து தென்மேற்கே குரும்பூர் தாண்டிப் போகணும். நாலுமாவடி, காயாமொழி பக்கம் தேரிக்காடு பார்த்திருப்பீங்க. பார்க்காதவங்க சினிமாவுலயாவது பார்த்திருப்பீங்க, ரத்தச் சிவப்பா மணல் மேடு மேடா கிடக்கும். அதோட விளிம்புல சரள் கலந்த செம்மண்ணுல இந்த முள்காடு. பனங்கிழங்கு காலத்துல அங்க போனா ஆச்சி மடி நிறைய ஏதாவது கொண்டுட்டுத்தான் வருவா. கள்ளிமுளையானைப் பிடுங்க மாட்டா. தண்டுல மேல்பாதியை மட்டும் ஒடிப்பா. ஒரு தூர்ல ரெண்டு தண்டுக்கு மேல தொட மாட்டா. பூவு வச்ச தண்டு பக்கமே போக மாட்டா. நான் ஒருநாள் வேரோட இழுக்கப் போனப்போ, "ஏல, உம் பிள்ளைக்கு என்னத்த வைப்ப?"ன்னு கையில ஒரு தட்டு தட்டினா. எனக்கு அப்போ பத்து வயசு இருக்கும், பிள்ளையாவது குட்டியாவது!

துவையலுக்குப் பட்டை ஓரத்து நாரை உரிச்சு எடுத்துட்டு, சின்னதா நறுக்கி, நல்லெண்ணெயில சுருள வதக்கணும். உளுந்தம்பருப்பு, வத்தல், கொஞ்சம் புளி, தேங்கா, உப்பு. அம்மியில அரைச்சுக் கஞ்சிக்குத் தொட்டுக்கிட்டா புளிப்பும் லேசான கசப்புமா இருக்கும். மதுரை, விருதுநகர் பக்கமும் இதே துவையல்தான். காட்டுல ஆட்டோட போறவங்க பச்சையாவே கடிப்பாங்க. தாகம் அடங்கும், பசியும் ஒரு மணி ரெண்டு மணி நேரம் தள்ளிப் போகும். வயித்துக்கு இல்லாத காலத்துல பசியை மறக்கத் தின்ன செடி இது. வயிறு நிறைஞ்ச காலத்துல பசியைக் குறைக்க வாங்குற செடியா ஆயிருக்கு. எனக்குச் சிரிப்பு வரலை.

அந்த ஒல்லியாகிற கதையைத்தான் அந்த உடற்பயிற்சித் தம்பிக்கு விவரமா சொன்னேன், உங்களுக்கும் சொல்றேன். இதோட சாறை மாத்திரையாக்கி வெளிநாட்டுல ரொம்ப வருஷமா விற்கிறாங்க. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவ நிறுவனத்துல 50 பேரை வச்சு 60 நாள் சோதிச்சு 2007-ல் முடிவை வெளியிட்டாங்க. ஒரு பங்கு ஆளுக்கு தினம் ஒரு கிராம் சாறு, இன்னொரு பங்கு ஆளுக்கு வெறும் போலி மாத்திரை. சாறு சாப்பிட்டவங்களுக்கு இடுப்புச் சுற்றளவும் பசி உணர்வும் குறைஞ்சது. ஆனா உடம்பு எடையில ரெண்டு பக்கத்துக்கும் நம்பிச் சொல்ற அளவுக்கு வித்தியாசம் இல்லை. விளம்பரத்துல முதல் பாதி மட்டும் வரும். அதுவும் அங்க கொடுத்தது அளந்து வடிச்செடுத்த சாறு. உங்களுக்கு ஆன்லைன்ல வர்ற பச்சைத் தூள்ல எந்தச் செடி இருக்குன்னு அரைச்சவனுக்குத்தான் வெளிச்சம். காஞ்ச பிறகு கள்ளிமுளையானுக்கும் வேற தண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. காட்டுல பிறந்து வளர்ந்த எனக்கே தெரியாது.

பத்து கிலோ காஞ்ச சரக்குன்னா எவ்வளவு பச்சைத் தண்டு வேணும்னு யோசிச்சுப் பாருங்க. பூராவும் தண்ணி நிறைஞ்ச செடி. மூட்டை மூட்டையா அறுத்தாத்தான் ஒரு பை தேறும். மூட்டைக்குக் காசுன்னு சொன்னா யாரும் ஆச்சி மாதிரி ரெண்டு தண்டு ஒடிச்சுட்டு நகர மாட்டாங்க. மண்வெட்டி கொண்டு வருவாங்க. அவங்களையும் நான் குத்தம் சொல்ல மாட்டேன். நாள் கூலிக்கு முள்ளுக்குள்ள கையை விடுறவங்க அவங்க. கேக்கிறவன் இருக்கிற வரைக்கும் பிடுங்கிறவனும் இருப்பான்.

இது எங்க கொண்டுபோய் விடும்னு தெரிஞ்சுக்கத் தென்னாப்பிரிக்காவைப் பார்த்தாப் போதும். கலகாரி பாலைவனத்துல கள்ளிமுளையானோட பங்காளிச் செடி ஒண்ணு, பேரு ஹூடியா. அங்க சான் பழங்குடி மக்கள் வேட்டைக்குப் போறப்போ பசியைத் தாங்க அதைத் தின்னாங்க. அப்படியே நம்ம கதைதான். அந்த நாட்டு அரசு ஆராய்ச்சி நிறுவனம் 1990-கள்ல அதுல பசியடக்கும் சத்தைக் கண்டுபிடிச்சுக் காப்புரிமை வாங்கி, வெளிநாட்டுக் கம்பெனிக்கு உரிமம் கொடுத்தது. சான் மக்கள்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலை. அந்த மக்கள் அழிஞ்சு போயிட்டாங்கன்னு நினைச்சோம்னு கம்பெனித் தலைவர் சொன்னதா 2001-ல் பத்திரிகையில வந்து பெரிய சத்தமாச்சு. பிறகு 2003-ல் சான் மக்களுக்கு லாபத்துல பங்குன்னு ஒப்பந்தம் போட்டாங்க. பெரிய மருந்துக் கம்பெனி ஒண்ணு கையிலெடுத்துக் கைவிட்டது. 2004-ல் யூனிலீவர் வந்தது, 2008-ல் அதுவும் விலகிடுச்சு. அவங்க சோதனை முடிவு 2011-ல் வெளியானப்போ, சாறு குடிச்சவங்க சாப்பிட்ட அளவுலயும் எடையிலயும் பலன் எதுவும் இல்லை, குமட்டலும் ரத்த அழுத்தம் ஏறினதும்தான் மிச்சம்னு தெரிஞ்சது. ஆனா அதுக்கு முன்னாடியே உலகம் முழுக்க ஹூடியா மாத்திரை விற்பனை சூடு பிடிச்சு, காட்டுல செடியைச் சூறையாடி, 2005-ல் இருந்து பன்னாட்டு வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியல்ல அதைச் சேர்க்கும்படி ஆயிடுச்சு. மருந்தும் ஆகலை, பங்குப் பணமும் பெரிசா வரலை, செடி மட்டும் குறைஞ்சது.

தொட்டிச் செடி கேட்ட அம்மாவுக்கும் தென்னாப்பிரிக்கா கதைதான் சொன்னேன். அங்க கோனோஃபைட்டம்னு பொத்தான் அளவுக்கு ஒரு செடி, பாறை இடுக்குல தண்ணியைச் சேர்த்து வச்சுக்கிட்டு உயிர் பிழைக்கும். பார்க்க அழகு. சன்னல்ல வைக்க வெளிநாட்டுல கிராக்கி வந்து, 2019-க்குப் பிறகு அந்த மாதிரிச் செடிகளைக் கடத்துறது பெருகி, அதிகாரிங்க பிடிச்சது மட்டுமே பத்து லட்சத்துக்கு மேல. சில வகை ஒரே ஒரு குன்றுலதான் இருக்குமாம். நாலு பேர் பையோட போனா அந்தக் குன்றோட கதை முடிஞ்சது. அந்த அம்மா உடனே புரிஞ்சுக்கிட்டாங்க. "அப்போ நான் வளர்க்கவே கூடாதாண்ணே"ன்னு கேட்டாங்க. தாராளமா வளர்க்கலாம். எங்க புஞ்சையில ஒடிச்ச நாலு விரல் தண்டு ஒண்ணு அனுப்பினேன். வெட்டின வாயை நாலு நாள் நிழல்ல காயவிட்டு, மணலும் பொடிச் சரளும் கலந்த தொட்டியில நட்டுத் தண்ணியைக் குறைச்சு ஊத்தினா வேர் பிடிச்சுக்கும். தண்ணி கூடினா அழுகிடும். பாசத்துல தினம் ஊத்துறவங்கதான் இதைக் கொல்றது. ஒரு தண்டு பிழைச்சா அதுல இருந்து பத்துப் பேருக்குக் கொடுக்கலாமே, காட்டுக்கு எதுக்கு மண்வெட்டி?

ஆனா எனக்குப் பெரிய பயம் தூள் விக்கிறவங்களும் இல்லை, தொட்டிக்காரங்களும் இல்லை. பிடுங்கினா ஒரு தூரு போகும். நிலத்தை நிரவினா எல்லாமே போகும்.

நகரத்துல இருக்கிற உங்களுக்கு "தரிசு"ன்னா ஒரு வார்த்தை. எங்களுக்கு அது கணக்குப் புத்தகத்துல ஒரு கலம். வெள்ளைக்காரன் காலத்துல இருந்தே நிலத்தை வரி வருமா வராதான்னுதான் பார்த்திருக்காங்க. நஞ்சை, புஞ்சை, தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, புறம்போக்கு. தீர்வை ஏற்படாத தரிசுன்னா வரி போடக்கூட லாயக்கில்லாததுன்னு அர்த்தம். கள்ளிமுளையான் குடியிருக்கிற முள்காடு பெரும்பாலும் அந்தக் கலத்துலதான் இருக்கு. மத்திய அரசு ஐதராபாத் தொலையுணர்வு மையத்தோட சேர்ந்து போடுற தரிசு நில வரைபடத் தொகுப்புலயும் புதர் நிலம், மணல் மேடு ரெண்டுமே தரிசு வகைதான். மரம் இருந்தா காடு, பயிர் இருந்தா வயல், ரெண்டும் இல்லைன்னா வீண். வீணாக் கிடக்கிறதை எடுத்து எதுக்காவது பயன்படுத்தினா புண்ணியம்தானே! சூரிய மின்சாரத் தகடு போடணுமா, தரிசைப் பாரு. மனை போடணுமா, தரிசைப் பாரு. ரோட்டுக்குச் சரள் வேணுமா, அதுக்கும் தரிசு. குலசேகரன்பட்டினத்துல ராக்கெட் தளத்துக்கு ரெண்டாயிரம் ஏக்கருக்கு மேல எடுத்து 2024-ல் அடிக்கல் நாட்டினாங்க. நாட்டுக்கு ராக்கெட் வேண்டாம்னு நான் சொல்லலை. அந்த இடத்துல என்னென்ன செடி இருந்துச்சுன்னு எங்க ஊர் டீக்கடையில ஒருத்தர்கூடப் பேசிக்கலையேன்னுதான் சொல்றேன். வயல்ல நாலு ஏக்கர் போச்சுன்னா மறியல் பண்ற நாங்களே பேசலை.

எங்க புஞ்சைக்கும் தரகர் வந்துட்டுப் போனார். "வெறும் முள்ளுதானே கெடக்கு அண்ணாச்சி, கொடுத்துட்டா நாலு காசாவது பாக்கலாம்லா?"ன்னார். வீட்டுக்காரி என் முகத்தைப் பார்த்தா. வாழை விலை இறங்கின வருஷம் அது, அவ பார்த்ததுல தப்பில்லை. நான் உடனே பதில் சொல்லலை. மறுநாள் சாயங்காலம் ரெண்டு பேரும் அங்க போய் உட்கார்ந்திருந்தோம். கௌதாரி கூவிச்சு, ஓணான் ஓடிச்சு, வேற ஒண்ணும் நடக்கலை. திரும்பி வர்றப்போ அவளே "கெடந்துட்டுப் போட்டும்"னா. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சது. ஆனா பக்கத்து நிலத்துக்காரருக்கு மகள் கல்யாணம், கொடுத்துட்டார். மண்வாரி எந்திரம் ஒன்றரை நாள்ல வேலையை முடிச்சுது. அவரைக் கொடுக்காதீங்கன்னு சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? கல்யாணச் செலவை நானா கொடுப்பேன்?

இப்போ மரம் நட வந்த தம்பிமாருக்கு வர்றேன். மரம் நடுறது நல்லதுதான், ஊர்ல நடுங்க, குளத்தங்கரையில நடுங்க, பள்ளிக்கூடத்துல நடுங்க. முள்காட்டை நிரவிட்டு வேம்பும் புங்கனும் நட்டா அங்க நடக்கிறது என்ன? முதல்ல எந்திரம் வந்து உடையையும் சூரையையும் விடத்தலையையும் வேரோட எடுக்கும். கள்ளிமுளையானுக்குக் கூரை போச்சு, பஞ்சு விதை மாட்டுறதுக்கு இடமும் போச்சு. அப்புறம் லாரியில தண்ணி கொண்டாந்து ரெண்டு கோடை ஊத்துவாங்க. மூணாவது கோடையில லாரி வராது. நட்டதும் பட்டுப் போகும், இருந்ததும் போயிடும். வெட்டவெளியான அந்த இடத்தைச் சீமைக் கருவேலம் பிடிச்சுக்கும். சீமைக் கருவேலத்தை எடுக்கணும்னு சொல்றவங்க கட்சிதான் நானும். ஆனா எந்திரம் ஓட்டுற பையனுக்கு எல்லா முள்ளும் ஒரே முள்ளு. நாட்டு உடைக்கும் சீமை உடைக்கும் வித்தியாசம் பார்த்து எடுக்க ஆள் வேணும், பொறுமை வேணும்.

அந்த நிலம் சும்மா கிடக்கலைங்கிறதுக்கு எனக்குப் பெரிய சாட்சி 2023 டிசம்பர் வெள்ளம். 17, 18 தேதியில காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. எங்க பக்கம் வருஷம் முழுக்கப் பெய்யற மழையை விட அது அதிகம். ஆத்தூர்ல என் கொடிக்கால் முழுகிச்சு, வாழை சாய்ஞ்சுது, வெத்திலைக் கொடி வேர் அழுகி மறுபடி முதல்ல இருந்து வைக்க வேண்டியதாச்சு. அதைப் பத்தி அப்பவே எழுதியிருக்கேன். தண்ணி வடிஞ்சு பத்து நாள் கழிச்சுத் தேரிப் பக்கம் போனேன். மணல் மேட்டுல தண்ணி நின்ன அடையாளமே இல்லை. அவ்வளவையும் குடிச்சிருந்துச்சு. தேரி மணல் அப்படித்தான், விழுற மழையை உள்ள வாங்கி வச்சுக்கிட்டு அடியில மெதுவா விடும். மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோவிலுக்குப் போனவங்களுக்குத் தெரியும், சுத்தி வறண்ட மணல், நடுவுல சுனைத் தண்ணி. அந்தத் தண்ணியெல்லாம் எங்கிருந்து வருதுன்னு நினைக்கிறீங்க? மணல் ஓடாம பிடிச்சு வச்சிருக்கிறது பனையும் இந்த முள்காடும்தான். சரள்ல இருந்த கள்ளிமுளையான் தப்பிச்சிருந்தது. பள்ளத்துல தண்ணி தேங்கின இடத்துல இருந்ததெல்லாம் அழுகிக் கூழாக் கிடந்தது. மேடு அதுக்கு எவ்வளவு முக்கியம்னு அன்னைக்குத்தான் கண்ணால பார்த்தேன். மேட்டை வெட்டிச் சமமாக்கிட்டா அடுத்த வெள்ளத்துல ஒண்ணும் தேறாது.

ஊர்க்காடுகள்ல இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது சாமிக்கு விட்ட இடத்துலதான். தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோவில் கள்ளர்வெட்டுத் திருவிழாவுக்கு ஊர் ஊரா ஜனம் வந்து சாமி மண்ணைப் பொட்டலம் கட்டி எடுத்துட்டுப் போகும். அய்யனார் எல்லைக்குள்ள மரத்தை வெட்ட இன்னைக்கும் பயப்படுறவங்க உண்டு. அரசாங்கம் காப்பாத்துற முள்காடும் நம்ம மாவட்டத்துல இருக்கு. வல்லநாட்டுல வெளிமானுக்காக சரணாலயம். மானுக்காக வேலி போட்டதுல மானோட சேர்ந்து புதரும் பிழைக்குது. கள்ளிமுளையானுக்காக யாரும் வேலி போடப் போறதில்லை, எனக்கு அந்த ஆசையும் இல்லை. மானுக்கு இருக்கிற மரியாதை ஒரு ஜாண் தண்டுக்கு வராது.

சட்டம் இருக்கு. 2002 பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கணும், ஊர்ல இருக்கிற செடி கொடி, மீன், மாடு எல்லாத்தையும் ஊர்க்காரங்களைக் கேட்டு மக்கள் பல்லுயிர்ப் பதிவேடுன்னு எழுதணும். அந்தச் சட்டத்தை நடத்துற தேசிய ஆணையமே சென்னையிலதான் இருக்கு. வியாபாரத்துக்குச் செடி எடுக்கிற கம்பெனி மாநில வாரியத்துக்குச் சொல்லணும். துவையலுக்கு ஒடிக்கிற ஆச்சிக்கும் ஊர் வைத்தியருக்கும் தடை இல்லை. நல்ல சட்டம். நான் பார்த்த ஒரு பதிவேட்டுல தேக்கு இருந்தது, யூக்கலிப்டஸ் இருந்தது, கள்ளிமுளையான் இல்லை. யாரோ ஒரு அறையில உட்கார்ந்து எழுதியிருக்காங்க. ஆடு மேய்க்கிற ஒருத்தரைக் கேட்டிருந்தா முதல் பக்கத்துலயே வந்திருக்கும்.

அதனால அடுத்த கிராம சபைக்கு நானும் ஆடு வச்சிருக்கிற ரெண்டு பேரும் ஒரு மனு எழுதிக்கிட்டு இருக்கோம். ரெண்டே விஷயம்தான். பதிவேட்டுல முள்காட்டுச் செடிகளைச் சேர்க்கணும். ஊராட்சி எல்லையில இருக்கிற தீர்வை ஏற்படாத தரிசுல தேரி ஓரத்து மேட்டை மட்டுமாவது மேய்ச்சலுக்குன்னு விட்டு வைக்கணும், நிரவக் கூடாது. மேய்ச்சலால செடி போகாதான்னு கேப்பீங்க. ஆடு முள்ளுக்குள்ள இருக்கிறதைத் தொடாது, அதோட ஆட்டுக்காரன் போற இடத்துல மண்வாரி எந்திரம் சத்தமில்லாம வந்துட்டுப் போக முடியாது. மனுவுல இதுவரைக்கும் பதினேழு செடிப் பேர் சேர்ந்திருக்கு. ஒரு பெரியவர் சொல்ற நாலு பேருக்கு எனக்கே அடையாளம் தெரியலை. வர்ற ஞாயித்துக்கிழமை அவரோட நடந்து போய்ப் பார்த்துப் படம் எடுக்கணும். உங்கள்ல யாருக்காவது செடி அடையாளம் சொல்லத் தெரிஞ்சா எழுதுங்க, படங்களை அனுப்பி வைக்கிறேன்.

நேர்ல பார்க்கணும்னா ஐப்பசி மழை ஓய்ஞ்சு கார்த்திகையில வாங்க, பூவோட பார்க்கலாம். எங்க அப்பா காலத்துல ஒரு நடை போனா மடி நிறையக் கிடைச்ச இடத்துல, போன கார்த்திகையில காலை முழுக்க நடந்து ஏழு தூரு பார்த்தேன். கனமான செருப்புப் போட்டுக்கிட்டு வாங்க, உடைமுள்ளு சாதாரண ரப்பர் செருப்பைத் துளைச்சிடும். மத்தியானம் வீட்டுல கஞ்சியும் துவையலும் இருக்கும். துவையல் பிரண்டையில அரைச்சதுதான். இந்தப் பக்கம் கள்ளிமுளையானை ஒடிக்கிறதை நாங்க நிறுத்தி அஞ்சு வருஷமாச்சு.